மூன்றாந்தேதி வைரஸ்

யுத்தம் முடிந்த 2009ஆம் வருடம், டிசம்பர் மூன்றாந்தேதி காலை. மருதமுனையிலிருந்து அக்கா வயதில் ஒரு ராத்தா ஓட்டோவில் வந்து, என் கல்முனைக் கடை மேசையில் ஒரு கணினிப் பெட்டியை வைத்தார். மறுநாள் கத்தாருக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர். சுனாமியில் போன மகளின் படம் என்று மிஞ்சியது அவருடைய தம்பியின் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

“ஒரு படம் அடிச்சித் தாங்க தம்பி. கையோட கொண்டு போகணும்.”

கொஞ்ச நாளாகக் கோப்புகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்றார். வைரஸ் என்று உடனே விளங்கிவிட்டது. அதே சனியன் என் கடை மெஷினையும் பிடித்திருந்தது. மாதம் முழுக்கச் சும்மா கிடக்கும். மூன்றாந்தேதி மெஷினைப் போட்டால் உள்ளதையெல்லாம் அழித்துவிடும். போன மாதம் என்னுடையது அப்படித்தான் போனது. வாசலில் ‘கணினி டொக்டர்’ என்று பலகை வேறு!

நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவும் வழியில்லை. கொழும்பில் இருந்த கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

“அந்த வைரஸ்ல ஒரு ஓட்டை இரிக்கி. மெஷின் காட்டுற தேதியத்தான் அது நம்பும். தேதிய மாத்தினா ஒண்டும் செய்யாது.”

“நீ செஞ்சி பாத்தியா?”

“இல்ல. வாசிச்ச.”

விண்டோஸ் எழும்புவதற்குள் தேதி மாற்றும் திரையைப் பிடிக்க வேண்டும். பிந்தினால் பிள்ளையின் முகம் போய்விடும். விசையைத் தட்டித் தட்டிப் பிடித்துவிட்டேன். மூன்றை இரண்டாக்கினேன். அது போதும்தான். ஆனால் என் பயத்துக்குப் போதவில்லை. வைரஸ் பிறக்காத வருடத்துக்கே போய்விடுவோம் என்று வருடத்தையும் குறைத்துக்கொண்டே போனேன்.

படங்கள் அப்படியே இருந்தன. பெருநாள் சட்டையில், முன்பல் விழுந்த சிரிப்போடு ஒரு சின்னப் பிள்ளை. படத்தை அடித்து நீட்டினேன். ராத்தா வாங்கவில்லை. தேதியைச் சரிபார்க்க நான் திறந்து வைத்திருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டிசம்பர் 2, 2004.

“தம்பி, இதுல இன்னும் கடல் வரல்ல, என்ன?”

“ஓம் ராத்தா.”

“அப்ப இத மாத்தாதீங்க.”

படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

பிறகு வைரஸை முழுதாகத் துடைத்தேன். இனி எந்தத் தேதியை வைத்தாலும் ஆபத்தில்லை என்று எனக்குத் தெரியும். தேதியைத் திருத்த உட்கார்ந்தேன். அந்த டிசம்பர் இருபத்தாறைத் தாண்டித்தான் இன்றைக்கு வர வேண்டும். காலையில் பயந்ததைவிட அப்போதுதான் அதிகம் பயந்தேன். தொடாமலே மூடி, பெட்டியை அவருடைய தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.