கொடைக் கூடாரத்தில் ஒரே ஊசி

அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்களே, பச்சை குத்துகிறவனுக்குக் கூடாரம் போட இடம் கொடுத்தது நீங்கள்தான். நேற்று அவன் ஒரே ஊசியால் மூன்று பிள்ளைகளுக்குக் குத்தினான். கேட்டதற்கு, "துணியில துடைச்சாச்சு பாட்டி" என்றான்.

நம்ம ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தபோது, என் தங்கைக்குக் காது குத்த வந்த தட்டாரும் இப்படித்தான் பேசினார். இன்னொரு பிள்ளையின் பழுத்திருந்த காதில் குத்திய ஊசியைத் தேங்காயெண்ணெயில் முக்கினார். "கழுவ வேண்டாமா?" என்றாள் அம்மா. "எண்ணெயில முக்கியாச்சே, பின்ன என்னத்த கழுவ?" என்று சிரித்தார்.

"அக்கா, கைய விடுக்கா" என்று தங்கை கதறினாள். "அசையாதேட்டி" என்று அழுத்திப் பிடித்தவள் நான். காதும் கழுத்தும் வீங்கி, பத்தாம் நாள் காய்ச்சலில் செத்தாள். கண்ணேறு என்றார்கள்.

தட்டாரை யாரும் கேட்கவில்லை. உங்களை நான் கேட்கிறேன். நாளை அம்மன் நடையில், அந்த மூன்று வீட்டாரும் கேட்க, மைக்கில் சொல்லுங்கள்: அவன் ஊசியை மாற்றினானா என்று உங்களில் யார் பார்த்தீர்கள்?