பின்பக்கம் சுற்ற மறுத்த மோட்டார்

என் கணவருக்கு வலது கண்ணில் புரை நீக்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவரோ காலையில் எழுந்ததும் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். உள்ளே போகாமல் இருப்பதே டாக்டருக்குச் செய்யும் பெரிய மரியாதை என்பது அவர் நினைப்பு.

செர்டாங்கில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் எண்ணெய்ப் பழம் தரும் செம்பனைத் தோட்டங்கள். பழம் ஏற்றும் தள்ளுவண்டிகளில் சக்கரமோ அச்சோ உடைந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். பட்டறையில் அவர் உயிரையே வைத்திருந்தது ஒரு டேப்பிங் மெஷினில். இரும்பில் போட்ட துளைக்குள் மரை வெட்டும் இயந்திரம் அது. முன்பக்கம் சுற்றும்போது அதன் முனை வெட்டிக்கொண்டே உள்ளே இறங்கும். சுவிட்சை மாற்றினால் பின்பக்கம் சுற்றி, வந்த வழியே மேலே ஏறிவிடும். பின்பக்கம் சுற்றவில்லை என்றால் உள்ளே போனது உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அதுதான் நடந்தது. கண் அறுவைக்குக் கொஞ்ச நாள் முன்பு, தேய்ந்துபோன சுவிட்சைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். அதிலிருந்து முன்பக்கம் நன்றாக ஓடியது. பின்பக்கம் தட்டினால் சத்தமே இல்லை, உறுமல்கூட இல்லை. ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டதைக் கையால் திருகி எடுக்க ஒரு மதியம் முழுவதும் போராடினார். மோட்டார் கடைக்காரரைப் போனில் கேட்டதற்கு, “காயில் எரிஞ்சிருக்கும் அண்ணே, புது மோட்டார் போட்டுருங்க” என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சக்கரம், பக்கத்துத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்காவுடையது. கண் அறுவை முடிந்த அந்த வாரத்தில் ஒரு நாள் எனக்கு விடுமுறை. அந்த அக்கா காலையிலேயே வந்து வாசலில் நின்றார்.

“வண்டி இல்லாம சாக்கை முதுகுல தூக்குறேன் தங்கச்சி. ராத்திரி படுக்க முடியல லா.”

என் கணவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அந்த அக்கா போன பிறகும் அப்படியே இருந்தார்.

நான் கூலிமில் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் போர்டுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். மீட்டரைப் பிடித்தே எனக்கு வயதாகிவிட்டது. ஆனால் அவருடைய பட்டறையில் ஒரு திருகைக்கூட நான் தொட்டதில்லை. அவர் கேட்டதில்லை, நானும் போனதில்லை.

“மோட்டார் எரிஞ்சிருந்தா முன்பக்கம் மட்டும் எப்படிங்க ஓடும்?” என்றேன்.

“அதான் எனக்கும் புரியல.”

“நான் தொறந்து பாக்கட்டா?”

பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, “பிளக்கைப் புடுங்கிட்டியா?” என்று கேட்டார்.

பிடுங்கினேன். மோட்டாரின் மூடியையும் சுவிட்சின் மூடியையும் கழற்றினேன். வாசலிலிருந்தே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “கெப்பாசிட்டரத் தொட்டுறாத. பிளக் இல்லன்னாலும் அதுக்குள்ள கரண்ட் நிக்கும். மேசையில இருக்குற பல்பு ஒயரை அதோட ரெண்டு முனையிலயும் வை, மிச்சம் இருந்தா பல்பு மினுங்கி எறங்கிடும்.” வைத்தேன். பல்பு மினுங்கவில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்.

அந்த மோட்டாருக்குள் இரண்டு காயில்கள். ஒன்று கிளப்பிவிட, மற்றது ஓட்ட. கிளப்பும் காயிலின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் கிளம்பும். அந்த இடமாற்றத்தைச் செய்வதுதான் சுவிட்சின் வேலை.

“கிளப்புறது மஞ்சளும் நீலமும். ஓட்டுறது வெள்ளையும் கறுப்பும். சுவிட்சுல மேல் திருகு ரெண்டுலயும் மஞ்சளும் நீலமும் இருக்கும், பாரு.”

“மஞ்சளும் கறுப்புந்தாங்க இருக்கு.”

“நீலம். நான்தானே மாட்டுனேன்.”

“கறுப்புங்க. நீலம் கீழ இருக்கு.”

“உள்ள இருட்டா இருக்கும். லைட்டப் போடு.”

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒயர்களைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். மஞ்சளுக்கு ஜோடி நீலம், வெள்ளைக்கு ஜோடி கறுப்பு. அவர் சொன்னது சரிதான். ஆனால் மாட்டியபோது நீலம் இருக்கவேண்டிய இடத்துக்குக் கறுப்பு போயிருந்தது. அதனால் பின்பக்கம் தட்டும்போது ஒவ்வொரு காயிலின் இரண்டு முனைகளும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டன. கரண்ட் ஓட வழியே இல்லை. உறுமல்கூட வராதது அதனால்தான். காயில் இரண்டும் நன்றாகவே இருந்தன.

சொன்னேன். அவர் நம்பவில்லை. கழற்றிய கறுப்பு, நீல ஒயர்கள் இரண்டையும் வாசல் வெளிச்சம் வரைக்கும் இழுத்துக் காட்டினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு கையால் வலது கண்ணை மறைத்துக்கொண்டு, அறுவை செய்யாத இடது கண்ணால் பார்த்தார்.

“ரெண்டும் கறுப்பு.”

இடது கண்ணை மறைத்து வலது கண்ணால் பார்த்தார். அவர் வாய் கொஞ்சம் திறந்தது.

“இது நீலம்.” மறுபடியும் மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்தார். “இவ்ளோ நீலமா இது?”

சுவிட்சை மாட்டிய நாளில் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை; நீலம் கறுப்பாகவே தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் இறங்கும் என்னை அழைத்துவர, அந்தக் கண்களோடுதான் மோட்டார் சைக்கிளில் வருவார். மங்கிய வெளிச்சத்தில், செம்பனை லாரிகளுக்கு நடுவே, அவர் முதுகில் சாய்ந்து எத்தனையோ முறை கண்ணயர்ந்திருக்கிறேன். ரோட்டில் லைட் சரியில்லை என்று அவர் குறை சொல்லும்போதெல்லாம் நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே, கையில் ஸ்குரூ டிரைவரோடு, மாரியம்மனுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

“நான் மாத்தி மாட்டி, அதுல உனக்கு ஷாக் அடிச்சிருந்தா என்னா பண்றது?” என்றார் அவர். அவருடைய பயம் அது.

“அடிக்கலையே. எந்தத் திருகுல எதுன்னு சொல்லுங்க.”

சொன்னார். மாட்டினேன். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்து, மூடிகளைப் போட்டு, பிளக்கைச் சொருகினேன். முன்பக்கம் ஓடியது. நிறுத்தினேன். “முழுசா நிக்கட்டும், அப்பறம் மாத்து” என்றார். நின்றது. மாற்றினேன். ஒரு நொடிகூடத் தயங்காமல் பின்பக்கம் சுற்றியது. நாற்காலியிலிருந்து எழுந்து, சின்னப் பையன் மாதிரி கைதட்டினார்.

அந்தச் சக்கரத்துக்கும் நானே மரை வெட்டினேன். எண்ணெய் விடு, அழுத்தாதே, அதுவே இறங்கும் என்று அவர் வாசலில் நின்று சொல்லச் சொல்ல, என் கைக்குக் கீழே இரும்பு சுருள் சுருளாக வந்தது. போல்ட் விரலாலேயே திருகிக்கொண்டு உள்ளே போனது.

சாயங்காலம் வந்த அந்த அக்கா வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, “இந்தக் கண்ணோட எப்படி தம்பி செஞ்சீங்க?” என்றார்.

“நான் இல்லக்கா. வீட்டுல அவங்கதான்” என்று என்னைக் காட்டினார். அந்த அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எண்ணெய்க்கறையோடு இருந்த கைகளை நான் இழுத்துக்கொள்ளவில்லை.

இடது கண்ணுக்குத் தேதி கொடுத்தபோது, முதல் தடவை மாதிரி அவர் சாக்குச் சொல்லவில்லை. அறுவை அன்று எங்கள் பக்கத்தில் ஒரு மலாய்க்கார அம்மா தஸ்பீஹ் எனும் ஜெபமணி மாலையை உருட்டியபடி நடுங்கிக்கொண்டிருந்தார். “ஜாங்கான் தாக்குட், மாச்சிக்,” பயப்படாதீர்கள் அம்மா, என்று என் கணவர் ஆரம்பித்து, தான் நீல ஒயரைக் கறுப்பென்று நினைத்து மாட்டியதையும், தன் மனைவி கண்டுபிடித்ததையும், அரைகுறை மலாயில் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். தப்பு செய்தால் என்னிடம்கூட வாய் திறக்காத மனிதர். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸ் தன் பெயரைக் கூப்பிட்டதும் என் கணவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.