நாலு கலர் மாத்திரையும் முனியாண்டியின் இடுப்பும்

முனியாண்டிக்கு மறுநாள் ஆப்பரேஷன். அன்று காலையில் அவனுடைய பிரஷர் இறங்கிவிட்டது. மூன்று நாளாக எலும்பு வார்டில் காலில் எடை கட்டிப் படுத்திருந்தவன், காலைச் சாப்பாட்டை வாந்தி எடுத்தான். எழுப்பி உட்கார வைத்தால் கண் இருட்டுகிறது என்றான். மிஸ்ஸி, அதாவது வார்டு நர்ஸ், இரண்டு தரம் பிரஷர் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைமை நர்ஸான சிஸ்டரைக் கூப்பிட்டாள். சிஸ்டர் வந்து நாடி பிடித்தார், விரல் நடுங்குவதைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்.

"சம்சு நிப்பாட்டினா இப்பிடித்தான் ஆகும், சுப்பையா. உங்க ஆளுங்கள எத்தன பேரப் பாத்திருக்கேன்."

சம்சு என்பது அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலரைக் கவிழ்த்த மலிவுச் சாராயம். ஆனால் முனியாண்டி அதைத் தொட்டவன் இல்லை. அது எனக்குத் தெரியும். வேறு எது காரணம் என்பதுதான் அந்த நிமிஷம் எனக்கு உறைக்கவில்லை.

அரை டாக்டர்

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு அட்டெண்டன்ட்டாக இருந்தேன். ட்ராலி தள்ளுவது, மாவுக்கட்டு போடும்போது காலைத் தூக்கிப் பிடிப்பது, ட்ராக்‌ஷனுக்கு காலை இழுத்துப் பிடிக்கும் எடை மாட்டுவது என் வேலை. டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பதும் நான்தான். ஆறாம் வகுப்போடு நின்றவன், எக்ஸ்ரே உறையில் எழுதியிருப்பதைப் படித்துப் படித்தே கொஞ்சம் இங்கிலீஷ் கற்றேன். சுங்கை பினாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் என்னை "அரை டாக்டர்" என்பார்கள். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

முனியாண்டி எனக்கு மூன்று வீடு தள்ளி. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், முப்பத்து நாலு வயது. ஆப்பரேஷனுக்கு இரண்டு வருஷம் முன்பு முதுகு வலி என்று வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பசார் என்போம், ஓர் ஆள் துணி விரித்து மருந்து விற்பான். சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தில் நாலு மாத்திரை; வெள்ளை, மஞ்சள், ரோஸ், பச்சை. பேர் கிடையாது, லேபிள் கிடையாது. என் முழங்கால் வலிக்கு நான் போட்டுப் பார்த்திருந்தேன். மறுநாளே வலி போன இடம் தெரியவில்லை. "போட்டுப் பாரு தம்பி" என்றேன். ஆஸ்பத்திரியில் இருக்கிறவர் சொல்கிறார் என்று அவன் வாங்கினான். அவனுக்கு மட்டுமா சொன்னேன்?

கரையான் அரித்த கட்டை

அடுத்த வருஷமே நொண்ட ஆரம்பித்தான். "தொடை இடுக்குல யாரோ ஆணிய வச்சுத் திருகுற மாதிரி இருக்குண்ணே" என்றான். நோயாளிகள் வலியைச் சொல்லும் விதத்தை நான் மனதில் சேர்த்து வைப்பேன். எந்தப் புத்தகமும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. நாள் தள்ளித் தள்ளி, கடைசியில் நானே அவனை எங்கள் எலும்பு டாக்டர் கோவிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் கோ எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். இடுப்பு மூட்டில் பந்து மாதிரி இருக்கும் எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுவிட்டது, உள்ளே எலும்பு செத்துவிட்டது, ஆனால் மேல் உருண்டை இன்னும் அமுங்கவில்லை என்றார். அமுங்கிவிட்டால் எலும்பைக் காப்பாற்றும் வழி அடைந்துவிடும். இரும்பு மூட்டு வைக்கலாமா என்று கேட்டேன். இந்த வயதில், இந்த வேலையில், அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்றார். தொடையின் பக்கவாட்டில் துளை போட்டு, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய எலும்பில் ஒரு துண்டு வெட்டி அந்தத் துளைக்குள் நிறுத்த வேண்டும். இதற்குப் பேர் போன் கிராஃப்ட், எலும்பு ஒட்டு. உயிர் உள்ள எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு வளர வேண்டும்.

நான் சொல்லி முடித்ததும் முனியாண்டி, "அப்ப கரையான் அரிச்ச கட்டைக்கு முட்டுக் குடுக்கப் போறாரு" என்றான். அதை டாக்டருக்குச் சொன்னேன். "நான் அரை மணி நேரம் சொன்னதை இவர் ஒரே வரியில் சொல்லிட்டாரே" என்று சிரித்தார்.

பிறகு பேனாவை எடுத்துக் கேட்டார். "குடிப்பாரா?"

"தொட்டதே இல்லண்ணே."

"வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா?"

"இல்லண்ணே."

நான் இரண்டு "இல்லை"யையும் அப்படியே சொன்னேன். அவன் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் இருவர் கணக்கிலும் பசார் பொட்டலம் மருந்தில் சேராது. மருந்து என்றால் பாட்டிலில் பேர் எழுதி ஆஸ்பத்திரியில் தருவது. காரணம் இல்லாமல் இந்த வயதில் எலும்பு சாகாது என்று டாக்டருக்கு உறுத்தியிருக்க வேண்டும். குடியாலும் எலும்பு அப்படிச் சாகும் என்பதால், கார்டில் குடி என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். எனக்குப் படிக்கத் தெரிந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

லெட்சுமி நின்ற இடம்

பிரஷர் இறங்கிய அன்று மதியம் முனியாண்டியின் மனைவி லெட்சுமி வந்தாள். சிஸ்டர் அவளிடமும் சம்சு என்று சொல்லிவிட்டார். லெட்சுமி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சத்தம் போடவில்லை.

"எங்கப்பன் குடிச்சே செத்தான். குடிக்காத ஆளுன்னுதான் உன்னயக் கட்டுனேன். வெளிய வச்சுக் குடிச்சியா?"

"இல்ல புள்ள."

"டாக்டரு எழுதி வச்சிருக்காராம்."

அவள் வராந்தாவுக்குப் போனாள். முனியாண்டி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணே, நம்ம மாத்திர ரெண்டு பொட்டலம் வாங்கியாங்க. மூணு நாளா போடல. அதப் போட்டா நிமுந்துருவேன்."

"தெனமுமா போட்ட?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நீங்க சொன்னதுலேர்ந்து."

அவன் முகத்தைப் பார்த்தேன். உப்பிய வட்ட முகம். லெட்சுமி சமையலில் ஊதிவிட்டான் என்று வரிசை வீட்டில் எல்லோரும் கிண்டல் செய்த முகம். இதே முகத்தை வார்டில் பார்த்திருக்கிறேன். மூட்டு வாதத்துக்கு ஸ்டீராய்டு வாங்குகிறவர்களுக்கு அப்படி வரும். அவர்கள் கார்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கும்: திடீரென்று நிறுத்தக்கூடாது, பிரஷர் இறங்கிவிடும். அந்த நாலு கலரில் ஒன்று ஸ்டீராய்டு.

என் லாக்கரில் ஒரு பொட்டலம் இருந்தது, என் முழங்காலுக்கு. அதை எடுத்துக்கொண்டு கீழே கிளினிக்குக்கு இறங்கினேன். வேலை போய்விடும் என்ற பயம் படிக்குப் படி கூடியது. டாக்டர் கோ முன்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தார். நான் பொட்டலத்தை மேசையில் வைத்தேன்.

"டாக்டர், முனியாண்டி ரெண்டு வருஷமா இதைச் சாப்பிடுகிறான். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. வாங்கச் சொன்னது நான்தான்."

அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. எழுந்து நேராக வார்டுக்கு நடந்தார். ட்ரிப் ஏறியது, நரம்பில் ஊசி போட்டார்கள். மாலைக்குள் முனியாண்டி உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டான்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "நாளைக்கு இது தெரியாமல் மயக்கம் கொடுத்திருந்தால் அவன் டேபிளிலேயே போயிருக்கலாம்." பிறகு கேட்டார். "எத்தனை பேருக்குச் சொன்னீங்க, சுப்பையா?"

விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று.

முனியாண்டியிடமும் சொன்னேன். இடுப்பு போனதற்கு அந்த மாத்திரையில் இருக்கும் ஸ்டீராய்டுதான் காரணமாக இருக்கும், அது என் வாயிலிருந்து வந்தது என்றேன். அவன் லெட்சுமி நிற்கும் வராந்தாப் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு, "நான் குடிக்கலன்னு லெட்சுமிகிட்டச் சொல்லுங்கண்ணே" என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

டாக்டரிடம் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"படிச்ச டாக்டரே நாலு கேள்வி கேட்டுத்தான் மருந்து எழுதுறாரு. நீங்க ஒண்ணுகூடக் கேக்கலயேண்ணே."

எழுந்து உள்ளே போனாள். துண்டை நனைத்துப் புருஷன் முகத்தைத் துடைத்தாள். "சரி, குடிக்கல. கண்டதத் தின்னிருக்க" என்றாள். அவன் மூன்று நாளில் முதல் தரம் சிரித்தான். கார்டில் இருந்த கேள்விக்குறியை அன்று டாக்டர் அடித்துவிட்டார்.

எடுத்த இடம், வைத்த இடம்

ஸ்டீராய்டை ஆஸ்பத்திரிக் கணக்கில் அளந்து கொடுத்து, உடம்பு ஒரு நிலைக்கு வந்த பிறகு, சில வாரம் கழித்து ஆப்பரேஷன் நடந்தது. தியேட்டர் வாசல் வரை ட்ராலியை நான்தான் தள்ளினேன்.

கண் விழித்ததும் முனியாண்டி கீழ்க்காலைத் தடவினான். "வச்ச எடம் சும்மா கெடக்குண்ணே. எடுத்த எடந்தான் உயிர் போகுது." கிராஃப்ட் செய்தவர்கள் பலரும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆபத்தும் அதில்தான். இடுப்பு வலிக்கவில்லையே என்று காலை ஊன்றிவிடுவார்கள். முட்டுக் கொடுத்த எலும்பு பிடிப்பதற்கு முன் உருண்டை அமுங்கிவிடும். மூன்று மாதம் அந்தக் கால் தரையில் படக்கூடாது என்றார் டாக்டர். வீட்டில் குத்துக்கால் வைத்து உட்காரும் கக்கூஸ்தான். பழைய நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அவன் கக்கத்துக் கட்டையை ஊன்றி நடப்பதை வாசலில் நின்று பார்ப்பேன். கால் கொஞ்சம் தாழ்ந்தாலும் லெட்சுமியின் குரல் வரும்: "தூக்கு."

அதே நாட்களில் பதினொரு வீட்டில் முனியாண்டி வீடு போக மற்ற பத்து வீட்டுக்கும் போனேன். "பொட்டலத்த எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க, நீங்களா நிறுத்திடாதீங்க" என்றேன். "நீதான சொன்ன, இப்ப நீயே வேணாங்கிறியா? கமிஷன் நின்னு போச்சா?" என்று ஓர் அக்கா கதவைச் சாத்தினார். மூன்றாம் தரம் போனபோது திறந்தார். இன்னொருவருக்கு இடுப்பு எலும்பு ஏற்கெனவே அமுங்கிவிட்டிருந்தது. அவர் கடைசி வரை நொண்டித்தான் நடந்தார். என்னைப் பார்த்தால் வழக்கம்போல, "வாய்யா, அரை டாக்டர்" என்பார். அதற்குப் பிறகு அந்தப் பேர் எனக்கு இனிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து டாக்டர் கோ பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். உருண்டை உருண்டையாகவே இருந்தது. வைத்த துண்டின் ஓரம் மங்கலாகி, சுற்றியிருந்த எலும்போடு கலந்துவிட்டிருந்தது. "புடிச்சிருச்சு" என்று தமிழிலேயே சொன்னார். அந்த வார்த்தையை முனியாண்டிதான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தான். மூட்டை தூக்குவது அதோடு முடிந்தது. துறைமுக கேட்டில் லாரி நம்பர் எழுதும் வேலை கிடைத்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, "மருந்து சாப்பிடுறீங்களா?" என்று நான் யாரையும் கேட்டதில்லை. "வலிச்சா என்ன போடுவீங்க? பையத் தெறங்க" என்றுதான் கேட்பேன். பைகளிலிருந்து தைலம், சூரணம், பேர் இல்லாத பொட்டலம் எல்லாம் வந்தது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் அப்படியே கேளுங்கள். நம் வலிக்குக் கேட்ட மருந்தை அடுத்தவருக்குக் கை காட்டாதீர்கள். நாம் போட்டிருக்கும் யூனிஃபார்மைப் பார்த்து நம்பிவிடுவார்கள்.

"புடிச்சிருச்சு" என்று டாக்டர் சொன்ன வருஷத் தீபாவளிக்கு முனியாண்டி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் கட்டை இல்லாமல் வாசல் வரை நடந்து வந்து கூப்பிட்டான். லெட்சுமி கோப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"பயப்படாமக் குடிங்கண்ணே. இதுல ஒரே கலர்தான்."