இடது கையில் டீ கிளாஸ்

நாமகிரிப்பேட்டையில் நான் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் எது நடந்தாலும் எங்களுக்கு முதலில் தெரிந்துவிடும். கறுத்த முகத்தைச் சிவப்பாக்குவதும் சுருக்கத்தை வழித்தெடுப்பதும் எங்கள் தொழில். செத்தவருக்கு நல்ல போட்டோ இல்லையென்றால் ஆதார் அட்டையிலிருந்து தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் வெள்ளைச் சட்டை உடம்பில் ஒட்டிவிடுவோம். ஊரில் பாதிப் பேர் அந்த ஒரே உடம்போடுதான் மேலோகம் போயிருக்கிறார்கள்.

கடையில் டிசைன் செய்கிற ரஞ்சனி இந்த வேலையில் புலி. ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். ஒரு முடி பிசிறினாலும் விடமாட்டாள். அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் ஒரு பித்துப் பிடித்தது. பேனா டேப்லெட் ஒன்றை வாங்கி வந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வரைய ஆரம்பித்தாள். கோடு கிடையாது, பெரிய பிரஷ்ஷால் வண்ணத்தை அப்படியே இழுத்துவிடுவது. தீற்றல் தீற்றலாகத் தெரிய வேண்டுமாம். முதலில் வந்ததெல்லாம் சேறு. பஸ் ஸ்டாண்டை வரைந்தாள். எருமை படுத்திருப்பதுபோல் இருந்தது. சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு மறுநாளும் வரைந்தாள்.

அவளுக்கு எதிரி அவளுடைய இடது கைதான். பேனர் வேலை செய்து செய்து, தீற்றல் கொஞ்சம் கோணினாலும் விரல்கள் தானாகவே அண்டூவை அமுக்கி, போட்டதை அழித்துவிடும். திருத்தத் திருத்த அது மறுபடியும் பேனராகிவிடுகிறது என்று அலுத்துக்கொண்டாள். அப்புறம் இடது கையில் தளும்பத் தளும்ப டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு வரைந்தாள். சிந்தினால் கீபோர்டு போச்சு என்ற பயத்தில் கை அசையாது. இப்படி ஒரு யோசனை எனக்குச் செத்தாலும் வராது. ஒருநாள் எதிர்க்கடை வாசலில் நின்ற மொபெட்டை நாலே தீற்றலில் வெயிலோடு கொண்டுவந்துவிட்டாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாசி மாசம், மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் மணியன் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியத்துக்குப் பேனர் வேண்டும் என்று மருமகன் மதியழகன் வந்தார். இருந்தது ஆதார் படம் ஒன்றுதான். அதில் மணியன் போலீஸைப் பார்த்தவர்போல் முழித்துக்கொண்டிருந்தார். மருமகனை அனுப்பிவிட்டு வெள்ளைச் சட்டையைத் திறக்கப் போனேன்.

"நான் வரையட்டுங்களாண்ணா? தெனமும் மண்டிப் பக்கம் அவரப் பாத்திருக்கறனுங்க" என்றாள் ரஞ்சனி.

வீட்டாருக்குப் பிடிக்காவிட்டால் உடனே சட்டையை மாட்டிவிட வேண்டும், அதோடு கடை வேலையில் இந்த விளையாட்டை மூட்டை கட்டிவிட வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டாள். கையிலிருந்த டீ ஆடை கட்டி ஆறும்வரை வரைந்தாள். மஞ்சள் தூள் படிந்த தோள், அதன்மேல் மூட்டை, பாதி திரும்பிய முகம், கண்ணுக்கு ஒரு கருந்தீற்றல். கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வண்ணம்தான் ஓடியது.

சாயங்காலம் மதியழகன் மாமியார் ராமாத்தாளையும் கூட்டி வந்தார். காரியம் முடியாமல் துக்க வீட்டுக்காரர்கள் அடுத்தவர் படி ஏறுவதில்லை. அந்தம்மா ரோட்டோரமே நின்றுகொண்டார். அதையெல்லாம் பார்க்காத மதியழகன் உள்ளே வந்து, திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தார். என்னங்க இப்படிக் கலைந்து கிடக்கிறது, முகமே முடியவில்லையே என்று சடைத்துக்கொண்டார். ரஞ்சனியின் இடது கை விரல்கள் கீபோர்டில் அண்டூமேல் போய் நின்றன. பேச்சு பேச்சுதான் என்று வெள்ளைச் சட்டையை எடுக்கச் சொன்னேன்.

ரஞ்சனி அதற்கு முன்னால் திரையை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்தாள். ராமாத்தாள் அங்கிருந்தபடியே பார்த்தார். முந்தானை வாய்க்குப் போனது.

"இப்புடித்தான் சாமி போவாரு. ஒரு எடத்துல நின்னு நான் பாத்ததே இல்லீங்க. அதத் தொட்டுப்போடாதீங்க."

மதியழகன் நிமிர்ந்து வெளியே போய் மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார். அவ்வளவு தள்ளி நின்றதில் தீற்றல்கள் ஒன்றுசேர்ந்து ஆளாகியிருக்க வேண்டும், இதையே அடித்துவிடுங்கள் என்றார்.

படத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு ரஞ்சனிக்கு ஒரு டீ சொன்னேன். அன்றைக்கு அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.