தேய்க்காமல் விட்ட பல்

"தை, பொங்கல் கழிந்த முதல் வியாழன். அத்தானுக்குக் கீழ்த்தாடை இடப்பக்கம் திருகு வைத்தார்கள். இரத்தம் அதிகமில்லை. வெயில்." என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவர். வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் போய்ப் பல வருஷம். இடப்பக்கமும் ஒன்று போனபின் சோற்றைக் குழைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். நான் விருதுநகரில் இருப்பதால் வைத்தியம் இங்கே என்று முடிவாயிற்று. எலும்பில் திருகைப் பதித்து, அது பிடித்த பிறகு அதன்மேல் பீங்கான் பல்லை மாட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் அவர் வேலையை விட்டுவிட்டு பஸ் மாறி வருவார். நானும் கூடப் போய் உட்கார்ந்திருப்பேன்.

சித்திரையில் பல் மாட்டிய அன்று, உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று கேட்டார். டைட்டானியம் என்றார் பல் டாக்டரம்மா. அத்தான் புதுப் பல்லை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் தீபாவளி சீசன் முடிந்த வாரம் ஈறு வீங்கியது. அழுத்தினால் சீழ் வந்தது. மற்ற பற்களெல்லாம் சுத்தமாக இருக்க, இந்த ஒன்றைச் சுற்றி மட்டும் அழுக்கு கட்டியிருந்தது. டாக்டரம்மா காரணம் கேட்டார். கூட வந்திருந்த அக்காதான் பதில் சொன்னாள்.

"அந்தப் பல்லுல பிரஷ்ஷே படவிட மாட்டாக. வெறும் கொப்புளிப்புதேன். ஊருக்கெல்லாம் வெடி செய்யுற மனுசன், சொந்தப் பல்லுக்குப் பயந்து சாகுதாக."

அத்தான் அவளைப் பார்க்காமல் டாக்டரம்மாவிடம் சொன்னார்: "வெள்ளைப் பொறி வரணும்னா நாங்க மருந்துல போடுறதே டைட்டானியந்தான். அதுல உரசல் பட்டா என்ன ஆகும்னு கண்ணால பாத்தவன் நான். அதை வாயில வச்சுக்கிட்டு தெனம் ரெண்டு வேளை தேய்க்கச் சொல்லுதீக."

யாரும் சிரிக்கவில்லை. பொடியாக இருந்தால்தான் அது தீப்பிடிக்கும், கெட்டியாக இருப்பதை எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பிறகு திருகைப் பற்றிச் சொன்னார். எலும்பு பற்றிக்கொள்வதற்காக அதன் மேற்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்கிறார்கள். ஈறுக்குள் மூடியிருக்கும்வரை அது நல்லது. ஈறும் எலும்பும் இறங்கிச் சொரசொரப்பு வெளியே தெரிந்தால், கிருமிகளும் அதையே பற்றிக்கொள்ளும். அத்தான் தலையாட்டினார்.

அன்று முதல் தேய்த்தார் என்று அக்கா சொன்னாள். இரண்டு முறை ஈறைத் திறந்து சுத்தம் செய்தார்கள். மருந்துக் கடை, பஸ், காத்திருப்பு, கஞ்சி. மாசியில் பல் ஆடத் தொடங்கியது. எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, எனக்கு வருத்தத்தைவிட அசதிதான் அதிகமாக இருந்தது. அத்தானுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எடுத்த திருகைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள். மேலே கழுத்துப் பகுதி வழவழப்பாக இருந்தது. அங்கே படிந்திருந்தது பஞ்சு பட்டதும் வந்துவிட்டது. கீழே திருகின் சொரசொரப்பான மரைச் சுற்றுகளில் மங்கிய மஞ்சளாக ஒட்டியிருந்தது மட்டும் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. சிர்கோனியா என்று ஒரு வெள்ளைப் பொருள் உண்டு, அதில் கிருமி சற்றுக் குறைவாக ஒட்டுவதாகச் சொல்கிறார்கள், எலும்பு ஆறியபின் யோசிக்கலாம் என்றார் டாக்டரம்மா. அத்தான் பஞ்சைக் கடித்தபடி கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

பஸ் ஸ்டாண்டில் பஞ்சைத் துப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "பூராவும் வழவழப்பா இருந்திருந்தா நின்னுருக்குமா மாப்ள? இல்ல, நான் தேய்க்காததுதானா?"

கிடைத்ததையெல்லாம் படித்தேன். டாக்டரம்மாவிடமும் ஒருமுறை தனியாகப் போய்க் கேட்டேன். இரண்டும் சேர்ந்துதான், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அத்தான் இப்போது மறுபடியும் சோற்றைக் குழைத்துத்தான் சாப்பிடுகிறார். முதலிலிருந்தே தேய்த்திருந்தால் அந்தப் பல் நின்றிருக்குமா என்பதை என்னால் இன்றுவரை உறுதி செய்துகொள்ள முடியவில்லை.