கௌஸர் அப்லா இடுப்பை வளைத்த கதை

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் என் வீடு. என் கதவைத் திறந்தால் எதிரே கௌஸரின் கதவு. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் தமியாத் ஊரில் டீச்சரம்மாவை அப்லா என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்களுக்கு அந்தப் பட்டம் பள்ளிக்கூட வாசலோடு முடிந்துவிடும். கௌஸருக்கு அப்படியில்லை. காய்கறிக்காரனுக்கும் அப்லா, இமாம் வீட்டு அம்மாவுக்கும் அப்லா, கட்டின புருஷனுக்கே அப்லா. அவளைவிட நான் ஆறு வயது மூத்தவள். எனக்கே அவளை மாடிப்படியில் பார்த்தால் கையை நீட்டி, நகம் வெட்டியிருக்கிறேன் என்று காட்டத் தோன்றும்.

பெண்பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் ஒருத்தி மேசையைத் தட்டுவாள், இன்னொருத்தி முக்காட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுவாள். இந்த நாட்டில் அதற்கென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கௌஸரின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் மேசைகூட மூச்சு விடாது என்பாள் அவளிடம் படித்த என் மகள். தாளம் தட்டின கை எதுவோ அந்தக் கைக்காரி மணி அடிக்கும்வரை வெளியே நிற்கவேண்டும்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளையைக் கேளுங்கள். உஸ்தா ஷிஹாத்தா. கைத்தொழில் தெரிந்தவனை உஸ்தா என்போம். ஊரே நாற்காலி மேசை செய்து பிழைக்கிற ஊர், அவன் நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிறவன். நகக்கண்ணெல்லாம் எப்போதும் பழுப்பு. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் ஊர் அவனை அறிந்தது பாலிஷால் அல்ல. வியாழக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் மீன்தோல் கட்டிய மண் தபலாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். என் தங்கை கல்யாணத்தில் அவன் வாசித்த வாசிப்புக்கு என் மாமியார் எழுந்து ஆடினார். முட்டி வலி என்று தொழுகையையே நாற்காலியில் உட்கார்ந்து தொழுதுகொண்டிருந்தவர் அவர்.

கௌஸர் போட்ட ஒரே நிபந்தனை அந்தத் தபலாதான். டீச்சர் வீட்டுக்காரர் ஆட்டக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து கொட்டடிக்கக் கூடாது. அவன் மறுபேச்சு பேசவில்லை. தபலாவைத் தலையணை உறையில் போட்டு அலமாரி மேல் ஏற்றினான். பதினோரு வருஷம் அது அங்கேயே கிடந்தது. சாப்பாட்டு மேசையில் அவன் விரல் தன்னை மறந்து தட்டத் தொடங்கும். கௌஸர் ஒரு பார்வை பார்ப்பாள், விரல் ரொட்டியை எடுத்துக்கொள்ளும்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு, முப்பத்தெட்டு வயதில் அவள் உண்டானாள். ஏழு மாதம்வரை வினாத்தாளைப் பாதுகாப்பதுபோல விஷயத்தைப் பாதுகாத்தாள். வயிறு அவள் பேச்சைக் கேட்காமல் முன்னால் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்கே சொன்னாள். ஒன்பதாம் மாதம் லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்ததும் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு கால அட்டவணை வந்தது. காலையில் ஆறு பேரீச்சம்பழம். பிறகு வராந்தாவில் நடை, இருநூறு அடி. சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குந்தி எழுவது, பதினைந்து முறை. மத்தியானம் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுப்பது. நான் ஒருநாள் அவள் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தேன். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது என்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

முப்பத்தேழாம் வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, முதல் பிள்ளைக்கு இந்நேரம் தலை இறங்கியிருக்க வேண்டும், இன்னும் மேலேயே நிற்கிறது, வயதும் ஆகிவிட்டது, இரண்டு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் அது முடிகிற ஞாயிற்றுக்கிழமை கீறி எடுத்துவிடலாம் என்று தேதி குறித்துக் கொடுத்தார். கௌஸர் தேதிச் சீட்டோடு நேராக என் வீட்டுக்கு வந்தாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்க அக்காவைக் கீறித்தான் எடுத்தாங்க, உம்மு வலீத். புண்ணு ஆற ரெண்டு மாசம். பக்கத்துல பிள்ளை அழுவுது, தூக்க முடியல அவளால. எனக்குப் பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்று அவள் வாயால் கேட்டதும் கேலியெல்லாம் மறந்து அவளை ஊர் ஹகீமா என்று கூப்பிடும் ஆஸ்பத்திரி மருத்துவச்சி தஹானியிடம் கூட்டிப்போனேன். தஹானி நயமாகப் பேசத் தெரியாதவள். ஆனால் தமியாத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. வயிற்றைத் தடவிப் பார்த்தாள், கௌஸரை எழுந்து நடக்கச் சொன்னாள்.

"இது என்ன இடுப்பா, கதவுத் தாழ்ப்பாளா? இவ்வளவு இறுக்கமா வச்சிருந்தா பிள்ளை எந்தப் பக்கமா வழி கேக்கும்?"

"தினமும் பதினைஞ்சு தடவை குந்தி எழுறேன், ஹகீமா."

"குந்துறது போதாது, வட்டம் போடணும். கல்யாண வீட்ல பொம்பளைங்க இடுப்பை எப்படி வளைக்கிறாங்க? அப்படி. எங்க அம்மா காலத்துல மாசம் நிறைஞ்சவளை நடுவுல விட்டு மத்தவங்க கைதட்டுவாங்க. ஆடினா தலை இறங்கும்னு நான் எழுதித் தரமாட்டேன். இறங்கலாம், இறங்காமலும் போகலாம். ஆனா உடம்பு இளகும், பயமும் விடும்."

கௌஸர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஆடுவதா, அவளா?

மறுநாள் போய்ப் பார்த்தால் வரவேற்பறைத் தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம். கயிற்றைப் பிடித்து அளந்து கச்சிதமாகப் போட்ட வட்டம். அதன் நடுவில் நின்று இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கோட்டைப் பார்த்துப் பார்த்து இடுப்பை நகர்த்துகிறாள். முன்னால், வலம், பின்னால், இடம். நான் சோபாவில் விழுந்து சிரித்தேன்.

"கௌஸர், இது வட்டம் இல்ல, சதுரம்."

"சிரிச்சு முடிச்சா சொல்லு. நான் எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எண்ணாதே, அதுதான் வினை. தாளம் வேணும். உங்க வீட்டு அலமாரி மேலயே கிடக்குதே. இறக்கி வாசிங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா அந்த மனுஷன் பறந்து வருவாரு."

"வேணாம்னு சொன்னதே நான். இப்போ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கிறது?"

சரி, என் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு வட்டம் போடுவதற்குள் பாட்டு முடிந்து கோதுமை விளைச்சல் பற்றிய பேச்சு வந்தது.

ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. கௌஸர் கேட்டாள், ஆனால் கௌஸர் கேட்கிற விதமாகக் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"உஸ்தா ஷிஹாத்தா, அலமாரி மேல தூசி படிஞ்சிருக்கு. அங்க இருக்கிறதை இறக்கித் துடைங்க."

அவன் ஸ்டூல் போட்டு ஏறினான், தபலாவை இறக்கினான், உறையைக் கழற்றித் துடைத்தான், மறுபடி உறையில் போட்டு மேலேயே வைத்துவிட்டான். "தூசி போயிடுச்சு, அப்லா" என்றான்.

மறுநாள், "தோல் கெட்டுப்போயிருக்கான்னு பாருங்க" என்றாள். அவன் இறக்கினான். அடுப்பு அனலில் தோலைக் காட்டினான், விரலால் ஒரு தட்டு தட்டினான். ஒரே ஒரு தட்டுதான், வீடு முழுக்கக் கேட்டது. "நல்லாத்தான் இருக்கு, அப்லா" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்தான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இப்படியும் ஒரு மண்ணாந்தை இருப்பானா?

ஸ்டூலில் ஒரு காலை வைத்தவனைக் கௌஸர் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மேல வைக்காதீங்க. வாசிங்க. எனக்காக."

அவன் காலை இறக்கினான். நான் என் வீட்டில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுப்பில் பாலே இல்லை.

அன்றிலிருந்து தினமும் மாலை நாலு மணிக்குத் தபலா கேட்டது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு பழைய கையோடு. மூன்றாம் நாள் மேல்மாடி உம்மு இயாத் ஒரு தட்டு மிஷப்பக் மிட்டாயோடு என் கதவைத் தட்டினாள். முகத்தில் துக்கம். பள்ளிக்கூடமே நடுங்கும் அப்லா வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்டால் கட்டடத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஷிஹாத்தா இரண்டாம் கல்யாணம் செய்யப்போகிறான், அதற்குத்தான் ஒத்திகை.

இருவரும் எதிர்வீட்டுக்குப் போனோம். உம்மு இயாத் கௌஸரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசை விட்டுடாதே, அப்லா. ஆம்பளைங்க எல்லாருமே இப்படித்தான். அதுவும் மாசம் நிறைஞ்ச நேரத்துல."

"என்ன சொல்றீங்க? அவர் எனக்குத்தான் வாசிக்கிறார். நான்தான் ஆடுறேன்."

உம்மு இயாத் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் என் காதில், "பாவம், புருஷனை விட்டுக்கொடுக்காம பேசுறா பாரு" என்றாள். கௌஸர் பொய் சொன்னதாக யாராவது நினைத்தது அவள் வாழ்க்கையில் அது ஒருதரம்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை தஹானி வந்து பார்த்தாள். தலை இன்னும் இறங்கவில்லை. "இடுப்பு நல்லா இளகியிருக்கு. மத்தது அல்லா கையில" என்று சொல்லிவிட்டுப் போனாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வலி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அன்று தஹானிக்குத்தான் வேலை. பிரசவ அறைக்குள் ஆண்களை விடமாட்டார்கள். நான் கூடப் போனேன், ஷிஹாத்தா வராந்தாவில் நின்றுவிட்டான். டாக்டர் பார்த்துவிட்டு, மாலை அஸர் பாங்குவரை பொறுப்போம், அதற்குள் இறங்காவிட்டால் ஞாயிறுவரை வேண்டாம், இன்றைக்கே கீறிவிடலாம் என்றார். கௌஸர் கட்டிலில் அளவுகோல்போல விறைத்துப் படுத்துக்கொண்டாள். வலி வரும்போதெல்லாம் பல்லைக் கடித்து எண்ணினாள்.

"எழுந்து ஆடு" என்றாள் தஹானி.

"இங்கயா? அடுத்த கட்டில்ல யாரு பாத்தீங்களா? என்கிட்ட படிச்ச பொண்ணு."

அந்தப் பெண் வலிக்கு நடுவிலும், "அஸ்ஸலாமு அலைக்கும், அப்லா" என்றது.

ஒருமணி நேரம் போயிற்று. இவள் அசையவே இல்லை. நான் வெளியே வந்தேன். ஷிஹாத்தா வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தான்.

"தபலா எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கா? அப்லாவுக்கு மானக்கேடு இல்லையா?"

"அட மண்ணாந்தை, உள்ள உன் பொண்டாட்டி கட்டையா கிடக்கிறா. எதையாவது தட்டுய்யா."

அவன் சுற்றிலும் பார்த்தான். வராந்தாவில் ஒரு காலி பிளாஸ்டிக் தண்ணீர்க் கேன் கிடந்தது. அதைத் தூக்கி அக்குளில் இடுக்கி, பெஞ்சில் உட்கார்ந்து, விரல் நுனியால் மெல்லத் தொடங்கினான். நான் உள்ளே போனபோது கௌஸர் எண்ணுவதை நிறுத்தியிருந்தாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வலி வந்தது. அவள் மெல்ல எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள், இடுப்பு வளைந்தது. இந்தத் தடவை அது வட்டம்தான்.

திடீரென்று வெளியே சத்தம் நின்றது. காவலாளியின் குரல் கேட்டது. "இது ஆஸ்பத்திரிய்யா, கல்யாண வீடு இல்ல. நிறுத்து."

கௌஸர் தலையை நிமிர்த்தினாள். பதினைந்து வருஷமாக எத்தனையோ வகுப்புகளை அடக்கிய அதே குரலில், "யாரு அவரை நிறுத்தச் சொன்னது? பேசாம நில்லு. அவர் வாசிக்கட்டும்" என்றாள்.

காவலாளி அவளைப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பேசாமல் நின்றான். கேன் மறுபடி பேசியது. அடுத்த கட்டில் பெண்ணும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இதே தாளத்துக்குத்தான் அப்லா அன்னிக்கு என்னை வெளியில நிக்க வச்சீங்க" என்றாள்.

"தப்புதான், கண்ணு. ஆடு" என்றாள் கௌஸர்.

அஸர் பாங்கு கேட்டபோது டாக்டர் வந்து கைவைத்துப் பார்த்தார். இறங்கிவிட்டது என்றார். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாளம்தான் இறக்கியதா, தானே இறங்க இருந்ததா என்று தஹானியிடம் கேட்டேன். "எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன உள்ளயா இருந்தேன்" என்றாள்.

ஏழாம் நாள் வீடு கொள்ளாத கூட்டம். வழக்கப்படி குழந்தையைச் சல்லடையில் கிடத்தினோம். குழந்தையின் காதருகே பித்தளை உரலை இடிப்பார்கள், பெண்கள் எல்லோரும் சேர்ந்து, அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேக்காதே என்று சத்தம் போடுவார்கள். கேலிக்குத்தான், அப்பாக்களும் கூடச் சிரிப்பார்கள். கௌஸர் உரல் வேண்டாம் என்றாள். ஷிஹாத்தா தபலாவோடு உட்கார்ந்தான். உம்மு இயாத் முன்வரிசையில் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

அவன் வாசிக்க, நாங்கள் தொடங்கினோம். "அம்மா பேச்சைக் கேளு. அப்பா பேச்சைக்..."

"நிறுத்துங்க" என்றாள் கௌஸர். எல்லோரும் நிறுத்தினோம், தபலாவும் நின்றது. அவள் சிரமப்பட்டுக் குனிந்து, சல்லடையில் கிடந்த மகளின் காதருகே வாயை வைத்தாள். கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள், ஆனால் வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா பேச்சைக் கேளுடி. உங்கம்மா பதினோரு வருஷம் கேக்கல."

ஷிஹாத்தா தபலாவின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பழுப்பேறிய கையால் மூக்கைத் துடைத்தான்.

"வாசிங்க, ஷிஹாத்தா" என்றாள் அவள்.

"சரி, கௌஸர்" என்றான் அவன்.