யோவாசு தோற்ற காரணம்

1979 தவக்காலம், மூன்றாம் வெள்ளி. கோவில்பத்தில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தவக்கால வெள்ளிதோறும் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிப்போம். அன்று எங்கள் வீட்டு முறை.

பங்கில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார், பழைய ஏற்பாட்டு நாளாகமத்திலிருந்து யூதா நாட்டு யோவாசு அரசனின் கதையை எடுத்தார். ஆலயத்தைப் பழுதுபார்த்த அதே அரசன் பிறகு ஆண்டவரை விட்டு விலகுகிறான். சீரியர் சிறு கூட்டமாக வந்து யூதாவின் பெரும்படையை முறியடிக்கிறார்கள். ஆண்டவரைக் கைவிட்டதால் வந்த தோல்வி என்கிறது நாளாகமம். அந்த இடத்தில் உபதேசியார் தலை நிமிர்ந்து என் மாமனாரைப் பார்த்தார்.

அவரைத்தான் குத்துகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. எங்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் மாமனார் அவர்கள் பட்டாளத்தில் சேர்ந்து, இந்தோசீனாவில் தோற்றுச் சிறைப்பட்டுத் திரும்பியவர். பூசைக்குப் போவதில்லை. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு என் மகனுக்கு ஞானஸ்நானம். தலைப்பிள்ளைக்குத் தாயைப் பெற்றவர் ஞானத்தகப்பனாக நிற்பது எங்கள் குடும்ப வழக்கம்.

எல்லோரும் கலைந்தபின் உபதேசியார் வாசலில் நின்றார்.

"வேற யாரையாச்சும் நிறுத்துங்க சார். கடவுள விட்டாரு, அதான் தோத்தாருன்னு ஊரே பேசுது."

"யாரு பேசுறா?"

சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

மறுநாள் வேதத்தின் இன்னொரு புத்தகமான அரசராகமத்தைப் புரட்டினேன். அங்கேயும் யோவாசு, அதே சீரியர். ஆனால் போர்க்களம் இல்லை. அரசன் ஆலயப் பொன்னைக் கொடுத்துப் பகைவனைத் திருப்பி அனுப்புகிறான். கைவிட்ட பேச்சே இல்லை. பின்னால் நாளாகமத்தை எழுதியவர் காரணத்தைத் தாமாகச் சேர்த்தாரோ?

வேதப்புத்தகத்தோடு உபதேசியார் வீட்டுக்குப் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய் என் நோட்டை எடுத்து வந்தார். தெரு நடப்புகளைத் தேதி போட்டு எழுதும் நோட்டு. திருவிழா மலருக்கென்று அவர் வாங்கிப் போனது. ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். என் கையெழுத்து: 'மாமனார் பட்டாளத்திலேயே கடவுளைக் கைவிட்டார். தோல்வியும் சிறையும் அதன் பின்.'

"தேதி போட்டு எழுதுற மனுசன், பொய்யா எழுதுவீங்க?"

யார் சொல்லி எழுதினேன் என்பது நினைவில்லை. மாமனாரைக் கேட்டு எழுதவில்லை, அது நிச்சயம்.

வீட்டில் மாமனார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுதியதை ஒப்புக்கொண்டு, உண்மையைக் கேட்டேன்.

"தோத்த அன்னிக்குக் கையில செபமாலை இருந்துச்சு மாப்ள. பக்கத்துல செபம் சொன்னவனும் செத்தான், கெட்ட வார்த்த பேசுனவனும் செத்தான். ஊருக்குத் திரும்புன பிறகுதான் கோயில்ல உக்கார முடியல."

"ஏன் மாமா?"

"ஏன், அதையும் நோட்டுல ஏத்தணுமா?"

உபதேசியாரிடம் திரும்பிப் போய், செபமாலை விஷயத்தைச் சொல்லி, அந்த இரண்டு வரிகளையும் அவர் கண்ணெதிரே அடித்து நோட்டை வாங்கி வந்தேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மாமனார் நிற்பதற்குப் பங்குச் சாமியாரிடம் தடை சொல்லவில்லை.

ஞானஸ்நானத்தன்று சாமியார், "பசாசை விட்டுவிடுகிறீரா?" என்று கேட்டார். "விட்டுவிடுகிறேன்" என்று மாமனார் பட்டாளத்துக் குரலில் சொன்னார். "சர்வேசுரனை விசுவசிக்கிறீரா?" மாமனார் பிள்ளையை மெதுவாக மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "விசுவசிக்கிறேன்."

உபதேசியார் திரும்பி என்னைப் பார்த்தார்.

அன்று மாலை நோட்டில் கேள்வியையும், தாமதத்தையும், பதிலையும் எழுதினேன். தாமதத்துக்கு எனக்கு மூன்று காரணங்கள் தோன்றின. ஒன்றையும் எழுதவில்லை.